பழைய படங்களை நீர்வண்ண ஓவியமாக்குதல்: வீட்டுக் கணினியில் செய்யும் முறை

புலம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு பிளாஸ்ரிக் பையோ பழைய பிஸ்கற் ரின்னோ இருக்கும். அதற்குள் பத்தோ இருபதோ படங்கள். சில ஈரம்பட்டு ஒட்டிக்கொண்டவை, சில மூலை கிழிந்தவை, சில கடவுச்சீட்டு அளவில் எடுத்தவை. 1995 ஒக்டோபர் 30 இரவில் வலிகாமத்தை விட்டு மழைக்குள் நடந்தவர்களும் பின்னர் வன்னியில் ஊர் ஊராக இடம்பெயர்ந்தவர்களும் அல்பங்களைச் சுமந்து வரவில்லை. கையில் அகப்பட்டதைத்தான் எடுத்து வந்தார்கள். ஆகவே ஒருவரின் முகத்துக்கு ஒரே ஒரு சிறிய படம் மட்டுமே சாட்சியாக மிஞ்சியிருப்பது எம்மிடையே புதினமல்ல.

எமது வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. மூத்த அண்ணரின் கறுப்பு வெள்ளைப் படம், 3.5 சென்ரிமீற்றர் அகலம், 4.5 சென்ரிமீற்றர் உயரம். அதைப் பெருப்பித்துச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அப்படியே பெருப்பித்தால் முகம் புள்ளி புள்ளியாகக் கலைந்து போயிற்று. பிறகு கைத்தொலைபேசிச் செயலி ஒன்றில் கொடுத்துப் பார்த்தோம். அது ஒரு நிமிடத்தில் பளிச்சென்ற படமொன்றைத் தந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டு, கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது ஆர் தம்பி?" என்று கேட்டார்.

செயலி இல்லாத விபரங்களைத் தானாக இட்டு நிரப்பியிருந்தது. கண் இமை, பல் வரிசை, தோலின் நிறம் எல்லாமே வேறு யாரோ ஒருவருடையவை. அதன் பின்னர்தான் நாம் நீர்வண்ண முறையைப் படிக்கத் தொடங்கினோம். நாம் ஓவியரல்லர். வணிகத்துறையில் பட்டம் பெற்று, இங்கு வந்தபின் கணக்கு வேலை பார்ப்பவர். எனவே இதை ஒரு கணக்காளரின் ஒழுங்கோடு, வீட்டிலுள்ள கணினியில் எவரும் செய்யக்கூடியதாக எழுதுகிறோம்.

நீர்வண்ணம் ஏன் பொருந்துகிறது

நீர்வண்ண ஓவியத்தில் வெள்ளை நிறம் பெரும்பாலும் பூசப்படுவதில்லை. கடதாசியின் வெண்மையே வெளிச்சமாக நிற்கும். வண்ணம் கண்ணாடி போல் ஊடுதெரியும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசும்போது நிறம் ஆழமாகும். காயும்போது வண்ணத்துகள் விளிம்புக்கு ஒதுங்குவதால் ஓரம் சற்று இருண்டிருக்கும். ஈரத்தின்மேல் ஈரம் படும் இடத்தில் நிறம் பரவிக் கலையும். கடதாசியின் குழிகளில் துகள் தங்கிச் சொரசொரப்பாகத் தெரியும். ஆக, வெண்மை, ஊடுதெரிதல், இருண்ட ஓரம், பரவல், கடதாசித் தன்மை என ஐந்து குணங்கள். கணினியில் நாம் செய்வது இந்த ஐந்தையும் முடிந்தவரை வரவழைப்பதுதான்.

எமது பழைய படங்களுக்கு இது பொருந்துவதற்கு ஒரு காரணமுண்டு. நீர்வண்ணம் எல்லா விபரத்தையும் காட்டுவதாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஓவியத்தில் காதோரம் மங்கியிருந்தால் பார்ப்பவர் அதைக் குறையாக எடுப்பதில்லை. எனவே படத்தில் இல்லாததைப் புனையாமல், இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு பெரிதாக்க இதில் வழியிருக்கிறது.

படத்துக்கு மேல் வண்ணம் பூசுவது புதிய யோசனையுமல்ல. 1840களிலேயே ஐரோப்பாவில் ஒளிப்படங்களுக்குக் கையால் நிறம் தீட்டினார்கள். எமது ஊர் ஸ்ரூடியோக்களிலும் கறுப்பு வெள்ளைப் படத்தில் கன்னத்துக்கும் சேலைக்கரைக்கும் மெல்லிய நிறம் கொடுத்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

கணினி எப்படிச் செய்கிறது

ஒரு படம் என்பது இலட்சக்கணக்கான புள்ளிகளின் பட்டியல். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிற எண் உண்டு. சாதாரணமாக மங்கலாக்கினால் ஒவ்வொரு புள்ளியும் அக்கம்பக்கப் புள்ளிகளின் சராசரியாக மாறும். இதில் தோலின் சொரசொரப்பு மறையும். கூடவே மூக்கின் விளிம்பும் மறைந்துவிடும். ஓவியத்தோற்றம் வேண்டுமானால் உட்பகுதி சமனாக வேண்டும், விளிம்பு மட்டும் நிற்க வேண்டும்.

இதற்கான வழிகளில் முக்கியமான ஒன்று 1976 இல் யப்பானியரான குவஹாரா வெளியிட்டது. அவர் அதை ஓவியத்துக்காகச் செய்யவில்லை. இதயத்தின் மருத்துவப் படங்களைத் தெளிவாக்கவே செய்தார். அதன் தத்துவம் எளிது. ஒரு புள்ளியைச் சுற்றி நான்கு சிறு சதுரங்களை எடுப்பது. எந்தச் சதுரத்துக்குள் நிறங்கள் மிகக் குறைவாக வேறுபடுகின்றனவோ அதன் சராசரியை அந்தப் புள்ளிக்குக் கொடுப்பது. விளிம்புக்கு அருகிலுள்ள புள்ளி எப்போதும் தன் பக்கத்துச் சராசரியையே எடுக்கும், மறுபக்கத்தோடு கலவாது. விளைவு தூரிகையால் பூசியது போலிருக்கும். 1997 இல் கேர்ட்டிஸ் என்பவரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் தண்ணீர் கடதாசியில் ஓடுவதையும் துகள் படிவதையுமே கணினியில் கணித்து நீர்வண்ணம் உருவாக்கிக் காட்டினார்கள். நாம் இன்று ஒரு சொடுக்கில் பயன்படுத்தும் வடிகட்டிகளுக்குப் பின்னால் இத்தகைய வேலைகள் இருக்கின்றன.

முதல் விதி: மூலப் படத்தைத் தொடாதீர்கள்

கணக்கில் மூல ஆவணம் என்று ஒன்றுண்டு. பற்றுச்சீட்டில் பிழையிருந்தாலும் அதை அழித்து எழுதக்கூடாது. திருத்தத்தை வேறாகப் பதிய வேண்டும். படத்துக்கும் இதே விதிதான்.

நாம் இதைத் தெரிந்திருந்தும் தவறினோம். ஸ்கான் செய்த அண்ணரின் படத்தில் வேலை செய்து, அதே பெயரிலேயே சேமித்துவிட்டோம். மூலப் படம் அதற்குள் வேறு நாட்டிலுள்ள தங்கையிடம் திரும்பிப் போயிருந்தது. அது மீண்டும் கைக்கு வர ஐந்து மாதங்கள் ஆயின. அஞ்சலில் தொலைந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இன்றும் நினைப்பதுண்டு. ஆகவே பின்வருவனவற்றைத் தவறாமல் செய்யுங்கள்:

ஸ்கான் செய்ததை முதலில் ரிஃப் வடிவில் சேமியுங்கள். ஜேபெக் வடிவம் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் விபரத்தை இழக்கும்.

படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கான் செய்யுங்கள். ஸ்ரூடியோ முத்திரை, திகதி, கையெழுத்து என்பன அங்குதான் இருக்கும்.

கோப்பின் பெயரில் ஆள், இடம், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். இவற்றைச் சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

ஒரு பிரதி உங்கள் வீட்டில், இன்னொன்று வேறொரு உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

படம் பிரேம் கண்ணாடியிலோ அல்பத் தாளிலோ ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் செய்யுங்கள், அல்லது பிளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுங்கள்.

எவ்வளவு பெரிதாக ஸ்கான் செய்வது

கணக்கைப் பார்ப்போம். ஓர் அங்குலம் 2.54 சென்ரிமீற்றர். 3.5 க்கு 4.5 சென்ரிமீற்றர் படத்தை அங்குலத்துக்கு 1200 புள்ளிகளாக ஸ்கான் செய்தால் ஏறத்தாழ 1654 க்கு 2126 புள்ளிகள் கிடைக்கும். இதை அங்குலத்துக்கு 200 புள்ளிகளாக அச்சிட்டால் 21 க்கு 27 சென்ரிமீற்றர் வரும், அதாவது ஏ4 தாளின் முழு அகலம். கூர்மையான ஒளிப்பட அச்சுக்கு 300 புள்ளிகள் கேட்பார்கள். நீர்வண்ணத்துக்கு 200 போதும்.

ஆனால் புள்ளிகள் கூடினால் விபரம் கூடும் என்று நினைக்க வேண்டாம். கடதாசிப் படத்தில் உள்ள விபரத்துக்கு ஓர் எல்லையுண்டு. அதற்கு மேல் ஸ்கானர் தருவது இடம் மட்டுமே. அந்த இடம் தூரிகைத் தோற்றத்துக்குத் தேவைப்படுவதால் 1200 என்று சொன்னோம். தபாலட்டை அளவுப் படங்களுக்கு 600 போதுமானது.

படிப்படியாக: ஜிம்ப் மென்பொருளில்

ஜிம்ப் இலவச மென்பொருள். 1996 இல் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்போல், பீற்றர் மற்றிஸ் ஆகிய இருவரும் வெளியிட்டது. விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். கட்டணம் கட்டி மென்பொருள் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒன்று. படத்தைத் திறந்தவுடன் வேறு பெயரில் ஜிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள். பின்னர் லேயரைப் பிரதி செய்யுங்கள். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் போன்றது. அடியிலுள்ளதை விட்டுவிட்டு மேலுள்ளதில் வேலை செய்யுங்கள்.

இரண்டு. கீறல், பூஞ்சைப் புள்ளி, மடிப்பு என்பவற்றை ஹீல் கருவியால் நீக்குங்கள். முகத்திலுள்ள மச்சம், தழும்பு என்பவை கீறலல்ல. சந்தேகமிருந்தால் வீட்டாரைக் கேட்ட பின் தொடுங்கள்.

மூன்று. 'லெவல்ஸ்' கருவியில் நடுத்தொனியைக் கூட்டிப் படத்தை வெளிச்சமாக்குங்கள். நீர்வண்ணத்தில் முழுக் கறுப்பு அரிது. தலைமுடியில்கூடச் சற்று ஒளி இருக்க வேண்டும்.

நான்கு. 'பில்டர்ஸ்' பட்டியலில் 'புளர்' என்பதற்குள் 'செலக்ரிவ் கௌசியன் புளர்' உண்டு. இது விளிம்பை விட்டுவிட்டு உட்பகுதியை மட்டும் சமனாக்கும். பழைய ஸ்ரூடியோத் தாளின் சொரசொரப்பு இதில் பெரிதும் அடங்கும். பின் அதே இடத்திலுள்ள 'மீன் கேர்வேச்சர் புளர்' என்பதை 10 முதல் 20 தடவைக்குள் வைத்துப் பாருங்கள். நிறத்திட்டுகளின் ஓரங்கள் தண்ணீர் ஓடியது போல் வளைந்து வரும்.

ஐந்து. கோடுகள். மூலப் படத்தை இன்னொரு முறை பிரதி செய்து, மேலே கொண்டுவந்து நிறம் நீக்குங்கள். அதை மீண்டும் பிரதி செய்து, நிறங்களைத் தலைகீழாக்கி, கௌசியன் புளர் கொடுத்து, லேயரின் முறையை 'டொட்ஜ்' என மாற்றுங்கள். பென்சிலால் கீறியது போன்ற கோடுகள் வெள்ளைப் பின்னணியில் தெரியும். இவ்விரண்டையும் ஒன்றாக்கி, முறையை 'மல்ரிப்ளை' ஆக்கி, அடர்த்தியை 30 முதல் 50 வீதத்துக்குக் குறையுங்கள். மல்ரிப்ளை முறையில் வெள்ளை மறைந்துபோகும், கோடு மட்டும் படத்தின்மேல் விழும்.

ஆறு. ஓரம். வண்ண லேயருக்குக் கீழே வெள்ளை லேயர் ஒன்றை வைத்து, வண்ண லேயருக்கு ஒரு 'மாஸ்க்' சேருங்கள். மாஸ்க்கில் வெள்ளை இருக்கும் இடம் தெரியும், கறுப்பு இருக்கும் இடம் மறையும். படத்தின் நாற்புறமும் கறுப்பால் ஒழுங்கற்றுப் பூசினால் வண்ணம் கடதாசிக்குள் கரைந்து முடிவது போலிருக்கும். கோட்டு லேயருக்கும் இப்படியே செய்யுங்கள்.

இங்கே ஒரு வழி சொல்கிறோம். உங்கள் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, கறுப்பு வண்ணத்தால் தண்ணீர் கலந்து பெரிய பூச்சாகப் பூசச் சொல்லுங்கள். காய்ந்ததும் ஸ்கான் செய்து, தலைகீழாக்கி, மாஸ்க்காக ஒட்டுங்கள். மென்பொருள் தரும் தூரிகைகளைவிட இது இயற்கையாக இருக்கும். எமது வீட்டுப் படத்தின் ஓரம் அம்மாவின் பூட்டப்பிள்ளை பூசியது.

ஏழு. கடதாசி. நீர்வண்ணத் தாள் ஒன்றை வாங்கி, ஒன்றும் வரையாமல் ஸ்கான் செய்யுங்கள். அதை எல்லாவற்றுக்கும் மேலே மல்ரிப்ளை முறையில் மெல்லிதாக வையுங்கள். குழிகள் தெரிய வரும். உண்மையான நீர்வண்ணத் தாளிலேயே அச்சிடப் போகிறீர்களாயின் இந்தப் படி தேவையில்லை.

போட்டோஷொப் வைத்திருப்போருக்கு

போட்டோஷொப்பில் 'பில்டர் கலரி' என்பதற்குள் 'ஆர்ட்டிஸ்ரிக்' பிரிவில் 'வோட்டர்கலர்' என்றே ஒரு வடிகட்டி உண்டு. மூன்று அளவுகள் அதில் இருக்கின்றன: தூரிகை விபரம், நிழலின் கடுமை, தன்மை. பலர் இதை அப்படியே அழுத்திவிட்டு, படம் கறுத்துப் போயிற்றே என்று கைவிடுகிறார்கள். அந்த வடிகட்டி இயல்பிலேயே நிழலை இருட்டாக்கும். நிழலின் கடுமையைச் சைபரில் வைத்து, தூரிகை விபரத்தை 12 க்கு மேல் கொடுத்து, படத்தை முன்கூட்டியே வெளிச்சமாக்கிவிட்டால் நன்றாக வரும். 'ட்ரை பிரஷ்' என்பதும் முகங்களுக்கு நல்லது.

மூன்று விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, வடிகட்டி போடுமுன் லேயரை 'ஸ்மார்ட் பில்டர்' போடக்கூடியதாக மாற்றுங்கள். பிறகு எந்நேரமும் அளவை மாற்றலாம். இரண்டாவது, பில்டர் கலரி மங்கி வேலை செய்யாமல் நின்றால், படம் 16 பிற் அல்லது சிஎம்வைகே நிலையில் இருக்கக்கூடும். 8 பிற் ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். மூன்றாவது, தூரிகை அளவுகள் புள்ளிக் கணக்கில் இருப்பவை. பெரிய கமரா எடுத்த 6000 புள்ளி அகலப் படத்தில் அவை கண்ணுக்கே தெரியாது. 2000 புள்ளியளவுக்குக் குறைத்துவிட்டுப் போடுங்கள்.

முகம்தான் முழு வேலையும்

வேட்டி, சேலை, பின்னணித் திரை, வேப்பமரம் எதுவும் கலைந்தால் பரவாயில்லை. முகம் கலைந்தால் படமே இல்லை. ஆகவே ஒரே அளவை முழுப் படத்துக்கும் போடாதீர்கள். இரண்டு பிரதிகள் செய்யுங்கள்: ஒன்று நன்கு கலைந்தது, மற்றது மெல்லியது. மெல்லியதை மேலே வைத்து, மாஸ்க்கால் கண், மூக்கு, வாய், நாடி மட்டும் அதிலிருந்து தெரியச் செய்யுங்கள். கண்ணின் ஒளிப்புள்ளி நிற்கிறதா, மேலுதட்டின் கோடு நிற்கிறதா என்று பாருங்கள். ஆளை அடையாளம் காட்டுவதில் இவை இரண்டுக்கும் பெரிய பங்குண்டு.

சரிபார்ப்பதற்கு ஒரே வழிதான் உண்டு. படத்தைத் தபாற்தலை அளவுக்குச் சுருக்கி, அந்த ஆளைத் தெரிந்தவரிடம் ஒன்றும் சொல்லாமல் காட்டுங்கள். பெயரைச் சொன்னால் வேலை முடிந்தது. யோசித்தால் திரும்பவும் தொடங்குங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் கொடுப்பதானால் ஊகிக்க வேண்டாம். ஒரே மண்ணிறத்திலோ நீலச் சாம்பலிலோ முழுப் படத்தையும் விட்டாலே அழகாக இருக்கும். அண்ணரின் படத்தை நாம் அப்படித்தான் விட எண்ணியிருந்தோம். அம்மா, "சேட்டு நீலம். மெல்லிய கோடும் போட்டது. நான்தான் தைக்கக் குடுத்தனான்" என்றார். புதிய லேயரொன்றை 'கலர்' முறையில் வைத்து, சேட்டுக்கு மட்டும் நீலம் தடவினோம். கோடு படத்தில் தெரியவில்லை; எனவே கீறவில்லை. அம்மாவும் அதைக் கேட்கவில்லை.

அச்சும் பாதுகாப்பும்

அச்சிடக் கொடுக்கும்போது துகள் மை பயன்படுத்தும் அச்சியந்திரமா என்று கேளுங்கள். அது சாய மையைவிட நீண்டகாலம் நிறம் மாறாதிருக்கும். தாள் அமிலமற்றதாக இருக்கட்டும். பிரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். படம் கண்ணாடியில் ஒட்டாது. நேர்வெயில் படும் சுவரும், விளக்கெரிக்கும் இடத்துக்கு மிக அருகிலான சுவரும் வேண்டாம்.

எதற்குப் பயன்படுத்தக்கூடாது

ஓவியமாக்கிய படம் நினைவுக்குரியது, ஆவணமல்ல. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவருக்கான முறைப்பாடு, அகதி விண்ணப்பம், நீதிமன்றம், விசாரணை என்று எதற்காயினும் தொடாத மூலப் படத்தின் ஸ்கானையே கொடுங்கள். கீறல் நீக்கியதைக்கூடக் கொடுக்க வேண்டாம். திருத்திய படம் ஒன்று கோப்பில் இருந்தால், அதைக் காட்டி மற்றவற்றையும் ஐயுற இடமுண்டு. இரண்டையும் வேறு வேறு கோப்புறைகளில் வைத்து, ஓவியத்தின் பெயரிலேயே 'ஓவியம்' என்று எழுதிவையுங்கள். நாளைக்கு எமது பிள்ளைகள் எது எதுவெனத் தெரியாமல் நிற்கக்கூடாது.

மற்றொன்று, இணையத்தில் இலவசமாக மாற்றித் தரும் தளங்கள். அங்கே ஏற்றும் படம் யாருடைய கணினியில் எவ்வளவு காலம் கிடக்கும் என்பது எம் கையில் இல்லை. ஊரில் இன்னும் வாழும் உறவினர், விண்ணப்பம் முடியாதிருக்கும் உறவினர் ஆகியோரின் படங்களை வீட்டுக் கணினிக்குள்ளேயே வைத்து வேலை செய்யுங்கள். ஜிம்ப் இணையத்தொடர்பு இல்லாமலேயே இயங்கும்.

முதற்தடவை ஒரு படத்துக்கு ஒரு வாரஇறுதி பிடிக்கும். இரண்டாவது படம் ஒரு மாலையில் முடியும். பழகுவதற்கு முதலில் பூங்கா, பூச்சாடி என்று இழப்பில்லாத படமொன்றை எடுங்கள். வீட்டின் ஒரேயொரு படத்தில் கை வைப்பது பிறகு.

அண்ணரின் படம் இப்போது அம்மாவின் அறையில், கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் இருக்கிறது. மூலப் படம் பஞ்சுத்தாளில் சுற்றி அலுமாரியில் இருக்கிறது. மாட்டிய அன்று அம்மா அதைப் பார்த்து யாரென்று கேட்கவில்லை. "நாடி அவன்ர தான்" என்றார்.